கவுன்சிலருக்கு நிக்கப் போறீங்களா? கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நம்ம கடை தேனி மாவட்டத்துல, கேரளா எல்லை ஓரம், நகராட்சி ஆபீஸ் பக்கத்துல இருக்கு. ஜெராக்ஸ், மனு டைப்பிங், ஆன்லைன் வேலைன்னு எல்லாம் பாக்குறது. தேர்தல் வந்துட்டா வேட்புமனு எழுத பாதிப்பேரு இங்கதான் வந்து நிப்பாங்க, ஜெயிச்சப்புறம் அதே ஆளுங்க மன்றப் பொருள், அதாவது கூட்டத்துல வைக்கப் போற விஷயங்களோட பேப்பர் கட்டைத் தூக்கிட்டு வந்து "இதுல என்னண்ணே போட்டுருக்கான்"னு கேப்பாங்க. போன தடவை ஜெயிச்சவங்க 2022 மார்ச் 2-ஆம் தேதி பதவியேத்தாங்க, அஞ்சு வருஷக் கணக்கு 2027 மார்ச் ஆரம்பத்தோட முடியுது, அடுத்த ரவுண்டுக்கான பேச்சு டீக்கடையில ஓட ஆரம்பிச்சாச்சு. கேக்குற கேள்வி எல்லாம் ஒண்ணுபோலவே இருக்குறதால மொத்தமா இங்க எழுதி வைக்கிறேன்.

யார் யாரு நிக்கலாம்ங்க?

21 வயசு முடிஞ்சிருக்கணும், அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கணும். நீங்க நிக்கிற வார்டுலயே உங்க ஓட்டு இருக்கணும்னு இல்ல, அதே நகராட்சியில எந்த வார்டுல இருந்தாலும் சரி. ஆனா முன்மொழியுறவரு கட்டாயம் நீங்க நிக்கிற வார்டுலயே ஓட்டு உள்ளவரா இருக்கணும். நிறையப் பேரு சொந்த மச்சானைக் கூட்டிட்டு வருவாங்க, பாத்தா மச்சான் ஓட்டு அடுத்த தெருவுல, அதாவது அடுத்த வார்டுல கெடக்கும். மனுத் தாக்கலுக்கு முன்னாடியே பட்டியலை எடுத்து பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் பாத்துக்கங்க.

நிக்க முடியாதவங்க: அரசு வேலையில இருக்குறவங்க, அதே நகராட்சியில காண்ட்ராக்ட் எடுத்து வேலை முடியாம நிக்கிறவங்க, நகராட்சிக்கு பாக்கி வச்சு நோட்டீஸ் வாங்குனவங்க. கடைசி ஆளுங்கதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், நகராட்சிக் கடை வாடகை எல்லாம் கட்டி ரசீதைக் கையில வச்சுக்கிட்டு அப்புறம் போஸ்டர் அடிங்க.

எனக்கு அங்கிட்டு கேரளாவுலயும் ஓட்டு இருக்கு, இங்கிட்டும் ஓட்டு இருக்கு. ப்ராப்ளமா?

ப்ராப்ளம்தான். நம்ம பக்கம் இது சகஜமாப் போச்சு, வண்டிப்பெரியார், வண்டன்மேடு, நெடுங்கண்டம்னு ஏலக்காய்த் தோட்டத்துல தலைமுறையா வேலை, அங்க லைன் வீட்டுல ஒரு ரேஷன் கார்டு, கீழ கம்பத்துல சொந்த வீட்டுல இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் ஓட்டுச் சேத்துக்கிட்டாங்க, அந்தந்தக் கட்சிக்காரங்களும் சேத்துவிட்டாங்க. சட்டம் என்னான்னா ஒரு ஆளுக்கு நாட்டுல ஒரே ஒரு இடத்துலதான் ஓட்டு. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல தெளிவாவே இருக்கு, பட்டியலுக்காக பொய்யா உறுதி குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு.

சும்மா ஓட்டுப் போடுறவரை யாரும் துருவ மாட்டாங்க, ஆனா வேட்பாளரா நின்னுட்டா எதிர்ப்பார்ட்டி முதல்ல தேடுறதே இதைத்தான். இன்னொண்ணு, இங்க உள்ளாட்சிக்கு சட்டமன்றப் பட்டியலை வச்சே வார்டு வாரியாப் பிரிக்கிறாங்க, கேரளாவுல உள்ளாட்சிக்குன்னு மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியலே போடுது. அதனால அங்க ஒரு பட்டியல்ல பேரை எடுத்துட்டேன்னு நிம்மதியா இருக்காதீங்க, இன்னொரு பட்டியல்ல அப்படியே உக்காந்திருக்கும். ரெண்டையும் பாருங்க, எடுத்ததுக்கு அத்தாட்சியும் வாங்கி வைங்க.

எவ்வளவு செலவாகும்ணே?

கவர்மெண்ட் கணக்கு ஒண்ணு, ஊர்க் கணக்கு ஒண்ணு. 2022-ல டெபாசிட் நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000, எஸ்.சி., எஸ்.டி.க்கு அதுல பாதி. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு வாங்கிட்டா தோத்தாலும் டெபாசிட் திரும்ப வரும். செலவு உச்சவரம்பு பேரூராட்சிக்கு 17,000 ரூபா, முதல்நிலை இரண்டாம்நிலை நகராட்சிக்கு 34,000 ரூபா. படிச்சவுடனே சிரிக்கத்தான் செய்வீங்க. ஊர்க் கணக்கு என்னான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கடைசி ரெண்டு ராத்திரி தெருவுல லைட்டை அணைச்சுட்டு நடக்குறதை நான் எழுதித்தான் தெரியணும்னு இல்ல.

என் அபிப்பிராயத்தைக் கேட்டா, கடன் வாங்கி நிக்கிறவரு ஜெயிச்ச மறுநாள்ல இருந்து ஊருக்கு வேலை பாக்க மாட்டாரு, வட்டிக்குத்தான் வேலை பாப்பாரு. நகையை வச்சு நிக்கிற ஐடியா இருந்தா இந்தத் தடவை விட்டுருங்க.

முக்கியமான விஷயம், ரிசல்ட் வந்து 30 நாளைக்குள்ள செலவுக் கணக்கு ஒப்படைக்கணும். தோத்தவங்களும் குடுக்கணும். தோத்த கடுப்புல அந்தப் பக்கமே போகாம விட்டுட்டு, அடுத்த தேர்தல்ல நிக்க வரும்போது தகுதிநீக்கப் பட்டியல்ல தன் பேரைப் பாத்து முழிக்கிறவங்க உண்டு. மூணு வருஷம் தடை விழும்.

கட்சியில சீட்டு வாங்கணுமா, சுயேச்சையா நிக்கலாமா?

நகராட்சி, பேரூராட்சி ரெண்டும் கட்சிச் சின்னத்துல நடக்குறது. கட்சின்னா அங்கீகாரக் கடிதம் நேரத்துக்குள்ள வரணும், வரலைன்னா நீங்களும் சுயேச்சைதான். சுயேச்சைக்கு ஆணையம் வச்சிருக்குற லிஸ்ட்ல இருந்து சின்னம் குடுப்பாங்க. 2022-ல வாபஸ் பிப்ரவரி 7, ஓட்டு பிப்ரவரி 19. அதாவது சின்னம் கையில கெடைச்சு ரெண்டு வாரம்கூட இல்ல, அதுக்குள்ள அந்தச் சின்னத்தை வார்டுல இருக்குற பாட்டி வரைக்கும் கொண்டு போய்ச் சேக்கணும். சின்ன வார்டுல, எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச முகமா இருந்தா சுயேச்சை ஜெயிக்கிறது நடக்குற காரியம்தான்.

வேலைக்குப் போறவங்களை எப்பப் பாத்து ஓட்டுக் கேக்குறது?

காலைல போனீங்கன்னா பூட்டுன வீட்டுலதான் நோட்டீஸ் சொருகிட்டு வரணும். தோட்டத்து ஜீப்பு விடியுறதுக்குள்ள கிளம்பிரும், பொம்பளைங்க தூக்குச்சட்டியோட ஏறிட்டா சாயங்காலந்தான் எறங்குவாங்க. எறங்கி தண்ணி புடிச்சு உலை வைக்கிற நேரத்துல போய் பத்து பேரு மேளத்தோட நின்னா எரிச்சல்தான் வரும். ராத்திரி ஏழரைக்கு மேல, தனியா, இல்ல கூட ஒரு ஆளோட, தெருத் தெருவா உக்காந்து பேசுறவங்களுக்குத்தான் ஓட்டு விழுகுது. ஞாயித்துக்கிழமையை விட்றாதீங்க.

எங்க வார்டு பெண்கள் வார்டாயிருச்சு. வீட்டுக்காரியை நிக்க வச்சுட்டு நான் பாத்துக்கலாம்ல?

இந்தக் கேள்வியை ஆம்பளைங்க மட்டும்தான் கேக்குறாங்க. தமிழ்நாட்டுல 2016 சட்டத்திருத்தத்துல இருந்து பாதி இடம் பெண்களுக்கு, கேரளாவுலயும் பாதிதான். எந்த வார்டு யாருக்குன்னு அரசிதழ்ல வரும்.

நிக்க வைங்க, தாராளமா. ஆனா மன்றக் கூட்டத்துக்குள்ள வீட்டுக்காரருக்கு சேர் கிடையாது, கையெழுத்துப் போட உரிமை கிடையாது, ஆபீஸ்ல ஃபைலைக் கேட்டா குடுக்கணும்னு கட்டாயமும் கிடையாது. மொத ஆறு மாசம் வீட்டுக்காரரு முன்னாடி நின்னு பேசுவாரு, அந்தம்மா பின்னாடி நிக்கும். அப்புறம் தண்ணி வரலைன்னா தெருப் பொம்பளைங்க நேரா அந்தம்மாகிட்டதான் வருவாங்க, ஏன்னா தண்ணி புடிக்கிறது ரெண்டு பேரும் ஒரே குழாயில. மகளிர் குழுவுல கணக்கு எழுதிப் பழகுன அக்காமார் சிலபேரு இப்ப மன்றத்துல கேக்குற கேள்விக்கு ஆபீஸர்களே ஃபைலைப் புரட்டிட்டுத்தான் பதில் சொல்றாங்க. அதனால "நான் பாத்துக்கிறேன்"ங்கறதை விட்டுட்டு பைக்கை எடுத்து அவங்களை ஆபீஸ்ல எறக்கி விடுங்க, அது போதும்.

சம்பளம் உண்டா?

சம்பளம்னு சொல்ல மாட்டாங்க, மதிப்பூதியம். 2023 ஜூலையில இருந்து மாசம் நகராட்சி கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500, நகராட்சித் தலைவருக்கு 15,000. அதுக்கு முன்னாடி கூட்டத்துக்கு வந்தா குடுக்குற படிதான், அது பெட்ரோலுக்கே பத்தாது.

ஜெயிச்சா கையில என்ன அதிகாரம் இருக்கு?

இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. தனி ஆளா கவுன்சிலருக்கு ஒரு பல்பு மாத்தச் சொல்ல அதிகாரம் கிடையாது, சொல்லலாம், கேக்கலாம், அவ்வளவுதான். செக்குல கையெழுத்துப் போடுறது கமிஷனர் பக்கம், பேரூராட்சின்னா செயல் அலுவலர். எம்.எல்.ஏ.வுக்கு வருஷம் 3 கோடி தொகுதி நிதி இருக்குற மாதிரி நம்ம சைஸ் நகராட்சி கவுன்சிலருக்குன்னு தனி நிதி கிடையாது. அதிகாரம் முழுக்க மன்றத்தோட தீர்மானத்துல இருக்கு. கம்பம் மாதிரி 33 வார்டு உள்ள ஊர்ல எல்லாரும் வந்திருந்தா 17 கை தூக்குனா தீர்மானம், இல்லைன்னா இல்ல.

அந்தத் தீர்மானம் எப்படி வருதுன்னு பாருங்க. கூட்டத்துக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு கட்டு வரும், மன்றப் பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர், கீழ நீளமா ஒரே வாக்கியத்துல விஷயம், அதுக்கும் கீழ "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்"னு ஒரு வரி. இதுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, இனிமே செய்யப் போற வேலைக்கு அனுமதி கேக்குறது. இன்னொண்ணு, ஏற்கெனவே அவசரம்னு செஞ்சு முடிச்ச வேலைக்கு பின்னேற்பு, அதாவது பின்னாடி ஒப்புதல் கேக்குறது. மோட்டார் ரிப்பேரு, பைப் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் வாங்குனது, ஆள் வச்சு சாக்கடை தூர்வாருனது எல்லாம் இப்படித்தான் வரும். நெசமாவே அவசரமா இருக்குறதும் உண்டு, ராத்திரி மோட்டார் எரிஞ்சா கூட்டம் போட்டுட்டா சரி பண்ண முடியும்? ஆனா ஒரே மோட்டாருக்கு மூணு கூட்டமா ரிப்பேர் செலவு வந்தா அங்கதான் கவுன்சிலர் கையைத் தூக்கி "அந்த மோட்டாரு இப்ப எங்க ஓடுது, பழைய காயில் எங்க போச்சு"ன்னு கேக்கணும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ஜனங்க உங்களுக்கு ஓட்டுப் போட்டது.

நடக்குறது என்னான்னா கூட்டம் ஆரம்பிக்கும், முதல் பொருளைப் படிக்கிறதுக்குள்ள பின்னாடி இருந்து "ஆல் பாஸ்"னு ஒரு சத்தம், அரை மணிக்குள்ள மிக்சர் பொட்டலம் பிரிச்சாச்சு. ஆல் பாஸ்னு கத்துறவரு கட்டைப் பிரிச்சே பாத்திருக்க மாட்டாரு. நீங்க எதிர்க்கிற பொருளுக்கு உங்க ஆட்சேபணையை பேரோட தீர்மானப் புத்தகத்துல பதிவு பண்ணச் சொல்லுங்க, எழுத்துலயும் ஒரு காப்பி குடுத்து ஒப்புதல் சீல் வாங்கிக்கங்க. வாயில பேசுனது காத்துல போயிரும்.

தெருவுக்கு ரோடு வேணும்னா எப்படிப் போகும்?

மனு வரும், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து டேப்பைப் போட்டு அளந்து எஸ்டிமேட் போடுவாரு, நிதி எதுல இருந்துன்னு பாப்பாங்க, மன்றத்துல தீர்மானம், அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வொர்க் ஆர்டர், வேலை, எம்.புக்ல (அளவுப் புத்தகம்) அளவு ஏத்துறது, பில்லு. இதுல எந்த இடத்துல வேணாலும் ஃபைல் படுத்துரும். நல்ல கவுன்சிலர்னு பேரு வாங்குறவங்க செய்யுறது பெரிய வித்தை ஒண்ணுமில்ல, ஃபைல் இப்ப எந்த டேபிள்ல இருக்குன்னு வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கேப்பாங்க.

நிதி இல்லைன்னு சொன்னா "நமக்கு நாமே" திட்டம் இருக்கு, ஜனங்க மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்தை அரசு போடும், நீர்நிலை வேலைக்குன்னா பாதிப் பங்கு போடணும். தெருவுல வெளிநாட்டுல, திருப்பூர்ல சம்பாதிக்கிற பையங்க இருந்தா இது ஒத்து வரும்.

ரோடு போட்டப்புறம் பைப் பதிக்கத் தோண்டுறது நம்ம தேசிய விளையாட்டு. அதனால வொர்க் ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி குடிநீர்ப் பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

எதெல்லாம் கவுன்சிலர் வேலையே இல்ல?

பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று எல்லாம் தாலுகா ஆபீஸ் பக்கம். கரண்ட் கம்பம் சாஞ்சா மின்வாரியம், அந்தக் கம்பத்துல மாட்டியிருக்குற தெருவிளக்கு மட்டும் நகராட்சி. குமுளி போற மெயின் ரோடு தேசிய நெடுஞ்சாலை 183, அதுல குழி இருந்தா நகராட்சியைத் திட்டிப் புண்ணியமில்ல. ஆனா "அது என் வேலை இல்ல"ன்னு சொல்ற கவுன்சிலருக்கு அடுத்த தடவை ஓட்டு இல்ல, அதான் கொடுமை. ஒரு மனு எழுதிக் குடுத்து எந்த ஆபீஸுன்னு சொல்லியாவது அனுப்பணும்.

லெட்டர் பேடுக்கு வேலை உண்டு. ஆதார்ல அட்ரஸ் மாத்த வேற ப்ரூஃப் இல்லாதவங்களுக்கு ஆதாரோட சான்றிதழ்ப் படிவத்துல நகராட்சி கவுன்சிலர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம், போட்டோ மேல பாதி சீல் விழணும், தேதியில இருந்து மூணு மாசம்தான் செல்லும். வாடகை வீட்டுல, தோட்டத்துல இருந்து எறங்கி வந்து குடியேறுனவங்களுக்கு இது பெரிய உதவி. ஆளைத் தெரியாம போட்டுக் குடுத்துட்டு அப்புறம் ஸ்டேஷனுக்கு நடக்காதீங்க.

தண்ணிப் பிரச்சினை?

முல்லைப்பெரியாத்துத் தண்ணி லோயர்கேம்ப்புக்கு வந்து நம்ம வாசல் வழியாத்தான் போகுது, ஆனாலும் நம்ம தெருவுல குடத்தோட நிப்போம். பாதி நேரம் காரணம் மேல இல்ல, வால்வுல. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் திறக்குறாங்கன்னு ஒரு அட்டவணையை வாங்கி தெரு முக்குல ஒட்டுங்க, வீட்டுக்கு மோட்டாரு வச்சு உறிஞ்சுறவங்க யாருன்னு தெருவுக்கே தெரியும், ஆனா புடுங்கச் சொன்னா அவங்க உங்களுக்கு ஓட்டுப் போட்ட சொந்தக்காரங்களா இருப்பாங்க. கவுன்சிலர் வேலையில ரொம்பக் கஷ்டமான கட்டம் இதுதான்னு நான் சொல்லுவேன்.

வரியைக் குறைக்க முடியுமா?

வரி விகிதத்தை நீங்க நெனைச்சபடி குறைக்க முடியாது. 2022-ல புது மன்றம் வந்து மாலை வாடுறதுக்குள்ள ஏப்ரல்ல சொத்துவரி ஏத்த அரசு உத்தரவு வந்துருச்சு, நம்ம மாதிரி ஊர்ல 600 சதுர அடிக்குள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேலன்னா 100 சதவீதம். ஜெயிச்சவங்க திட்டு வாங்கியே பழகுனாங்க. ஆனா அளவு தப்பா ஏறுனது, ஓட்டு வீட்டை மாடி வீடுன்னு எழுதுனது, வீட்டை கடைன்னு போட்டது இதெல்லாம் மேல்முறையீட்டுல மாத்தலாம், அதுக்குன்னு மன்றத்துலயே வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கு. அந்தக் குழுவுல இடம் கேட்டு வாங்குங்க. எல்லாரும் ஒப்பந்தக் குழுவுக்குத்தான் முட்டி மோதுறாங்க, ஏன்னு நான் சொல்லல.

கேரளா பக்கம் எப்படி? அங்க தமிழ்க்காரங்க நிக்கலாமா?

அங்க ஓட்டு இருந்தா நிக்கலாம். குமுளி, மூணாறு, வண்டிப்பெரியார் எல்லாம் கிராம பஞ்சாயத்து, "மெம்பர்"னுதான் சொல்லுவாங்க. இடுக்கி ஜில்லாவுல நகரசபைன்னா தொடுபுழாவும், 2015-ல வந்த கட்டப்பனையும்தான். 2025 தேர்தலுக்கு அங்க டெபாசிட் பஞ்சாயத்துக்கு 2,000, நகரசபைக்கு 4,000. தமிழ் ஆளுங்க கூடுதலா இருக்குற வார்டுல ஓட்டுச் சீட்டுல பேரு தமிழ்லயும் வரும்.

வித்தியாசம் எங்கன்னா, அங்க நகரசபையில ஆறு நிலைக்குழு, ஒவ்வொரு கவுன்சிலரும் ஏதாவது ஒண்ணுல இருந்தே ஆகணும். வார்டு ஜனங்க கூடுற வார்டு சபையில வச்சுத்தான் வீடு, தொழுவம், தையல் மெஷின்னு யாருக்குன்னு லிஸ்ட் ரெடியாகும், 1996-ல மக்கள் திட்டம் (ஊருக்கு என்ன வேணும்னு ஜனங்களே உக்காந்து திட்டம் போடுறது) ஆரம்பிச்ச பழக்கம். நம்ம பக்கம் வார்டைப் பகுதியாப் பிரிச்சு ஜனங்களைக் கூட்டுற பகுதி சபைன்னு 2022-ல விதி வந்து, நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னைக்கு மொதல்ல நடத்துனாங்க, ஆனா போர்டு வச்சு போட்டோ எடுத்ததோட பல எடத்துல நின்னு போச்சு. உங்க வார்டுல அதை ஒழுங்கா நடத்துனாலே நீங்க வித்தியாசமான கவுன்சிலர்.

அங்க எஸ்.சி. வார்டுல நம்ம சர்டிபிகேட் செல்லுமா?

கீழ தாலுகா ஆபீஸ்ல வாங்குனது அங்க செல்லாது. பட்டியல் சாதி அந்தஸ்து மாநிலம் வாரியா. குடும்பம் எப்ப மலையேறுச்சுங்கறதுதான் கேள்வி, 1950-க்கு முன்னாடியே அங்க குடியிருந்ததுக்கு ஆதாரம் வேணும். 2021-ல தேவிகுளம் எம்.எல்.ஏ.வா ஜெயிச்ச ஆ. ராஜா கேஸ் இதே விஷயம்தான், 2023 மார்ச்ல கேரளா ஹைகோர்ட் அவர் ஜெயிச்சதை ரத்து பண்ணுச்சு, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதை மாத்தி அவருக்குச் சாதகமாத் தீர்ப்பு சொல்லுச்சு. எம்.எல்.ஏ.வே ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்திருக்காரு. தாத்தா காலத்து எஸ்டேட் ரெஜிஸ்டர், பழைய சம்பளச் சீட்டு எதுவும் பரண்ல கெடந்தா தூக்கிப் போட்றாதீங்க.

சேர்மனை யார் தேர்ந்தெடுக்குறது?

கவுன்சிலர்கதான், மறைமுகத் தேர்தல். 2022-ல மார்ச் 4. அதுக்கு முந்தின ஒரு வாரம் உங்க போனு அடிச்சுக்கிட்டே இருக்கும், சில ஊர்ல கவுன்சிலர்களை மொத்தமா டூர் கூட்டிட்டுப் போயிருவாங்க. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

பதவி நடுவுல போகுமா?

கூட்டத்துக்குத் தொடர்ச்சியா மூணு மாசம், மூணு கூட்டம்னு மட்டம் போட்டா போகும். வெளியூர் வேலைன்னா முன்கூட்டியே எழுதிக் குடுத்துருங்க. நகராட்சி காண்ட்ராக்ட்டை உங்க பேர்ல எடுத்தாலும் போகும்.

மனு எழுதும்போது எதைக் கவனிக்கணும்?

பாரத்துக்கு காசு குடுக்காதீங்க, ஆபீஸ்லயே குடுப்பாங்க. கூட வைக்கிற உறுதிமொழிப் பத்திரத்துல சொத்து, கடன், கேஸ், படிப்பு எல்லாம் கேட்டிருக்கும், எந்தக் கட்டத்தையும் காலியா விடாதீங்க, இல்லைன்னா "இல்லை"ன்னு எழுதுங்க, கோடு இழுக்காதீங்க. கேஸ் இருந்தா மறைக்காதீங்க, போராட்டத்துல புடிச்சு வச்ச கேஸா இருந்தாலும் போடுங்க. வாக்காளர் பட்டியல்ல பேரு எப்படி இருக்கோ அப்படியே மனுவுலயும், பட்டியல்ல "முருகேசன்"னும் நீங்க "முருகேஷ்"னும் எழுதுனா பரிசீலனை அன்னைக்கு எதிராளி வக்கீலு சந்தோஷமா எந்திரிப்பாரு. கடைசி நாள் வரைக்கும் நல்ல நேரம் பாத்துட்டு இருக்காதீங்க, அன்னைக்கு ஆபீஸ்ல கூட்டம் முட்டும், நம்ம கடையில கரண்டும் போகும்.